சட்டம் எங்கள் ஊருக்கு வரும் வழி



வணிகவியல் படிப்பவனுக்கு உள்ளாட்சி வரலாற்றில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. கம்பெனிச் சட்டப் பாடத்தில் கம்பெனி செக்ரட்டரி என்று ஒருவர் வருவார், ஞாபகம் இருக்கிறதா? அரசு எந்தச் சட்டத்தைத் திருத்தினாலும் அதைக் கவனித்து, நம் கம்பெனிக்கு இதனால் என்ன ஆகும் என்று இயக்குநர்களுக்குச் சொல்வது அவர் பொறுப்பு. சரி, ஒரு ஊருக்கு இந்த வேலையை யார் செய்கிறார்கள்? சென்னையில் ஒரு மசோதா வருகிறது, அது திருத்துறைப்பூண்டியை இப்படிப் பாதிக்கும் என்று யார் முன்கூட்டிச் சொல்வது?

அமெரிக்காவில் இதற்கு ஆளும் அலுவலகமும் இருக்கிறது. கலிபோர்னியாவின் நகரங்கள் 1898லேயே தங்களுக்குள் ஒரு சங்கம் அமைத்துக்கொண்டன. மாநில சட்டமன்றத்துக்கு வரும் மசோதாக்களைப் படித்து நகரங்களுக்குத் தெரிவிப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மன்றம் ஒருபடி மேலே போய், இன்ன மசோதாவை ஆதரிக்கிறோம், இன்னதை எதிர்க்கிறோம் என்று தீர்மானமே போடுகிறது.

நம் ஊரில் தண்ணீர் மாதிரி சட்டமும் மேலிருந்து கீழேதான் பாய்கிறது. ரிப்பன் பிரபு 1882ல் உள்ளாட்சித் தீர்மானம் வெளியிட்டார். 1884ல் சென்னை மாகாணத்துக்கு மாவட்ட நகராட்சிகள் சட்டம் வந்தது. பிறகு 1920ல் வந்த புதிய சட்டம்தான் நூறு ஆண்டுகளுக்கு மேல் நம் நகராட்சிகளை ஆண்டது. அந்தச் சட்டப்படி நகர்மன்றத்தின் தீர்மானத்தை அரசு ரத்து செய்யலாம், மன்றத்தையே கலைக்கலாம். அரசியல் சட்டத்திலும் உள்ளாட்சி என்பது மாநிலப் பட்டியலில் இருக்கிற விஷயம். 1993ல் நடைமுறைக்கு வந்த 74வது திருத்தம் நகராட்சிகளுக்கு 18 பணிகளைப் பட்டியல் போட்டது. ஆனால் அவற்றில் எதை, எவ்வளவு கொடுப்பது என்பது மாநிலத்தின் கையில். ஆகவே அரசாணையும் சுற்றறிக்கையும் வரும், ஆணையர் அதை அமல்படுத்துவார். சட்டமாகும் முன்பே ஊரைக் கேட்கும் வழக்கம் இல்லை.

அப்படியென்றால் டெல்டா மக்கள் சட்டத்தைக் கவனிக்கவே இல்லையா? கவனித்தார்கள். ஆனால் அதைச் செய்தது நகராட்சி அல்ல, விவசாயிகள் சங்கம்.

1944ல் மன்னார்குடியில் மிராசுதார்களுக்கும் சங்கத்துக்கும் நடந்த பேச்சுவார்த்தையில் சவுக்கடியும் சாணிப்பால் புகட்டுவதும் இனி கூடாது என்று ஒப்பந்தம் ஆனது. சங்கத்தைக் கட்டியவர்களில் முதன்மையானவர் பி.சீனிவாசராவ். அவர் நினைவிடம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. 1952ல், ராஜாஜி முதல்வராக இருந்தபோது, முதலில் அவசரச் சட்டமாகவும் பிறகு முழுச் சட்டமாகவும் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. குத்தகைதாரருக்கு விளைச்சலில் குறைந்தது 40 சதவீதம், பண்ணையாளை நினைத்தபடி விரட்டக்கூடாது என்பவை அதன் சாரம்.

ஆனால் அதில் ஓட்டைகளும் இருந்தன. ஒரு கிராமத்தில் ஒரு வேலி, அதாவது 6⅔ ஏக்கர் வரை மட்டும் வைத்திருந்த நிலக்காரருக்கு அது பொருந்தாது. பாதுகாப்பும் பண்ணையாளுக்குத்தான், தினக்கூலிக்கு இல்லை. விளைவு, பல இடங்களில் பண்ணையாட்கள் தினக்கூலிகளாக மாற்றப்பட்டார்கள். சட்டம் காப்பாற்ற வந்த ஆளே சட்டத்துக்கு வெளியே போய்விட்டார்! ஒரு சட்டம் வந்த பிறகும் அதை விடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கூலிப் பிரச்சினைதான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்களைத் தீயில் கொண்டுபோய் நிறுத்தியது. அதன் பிறகு கணபதியா பிள்ளை கமிஷன் அமைத்தார்கள். 1969ல் கிழக்குத் தஞ்சைக்கென்று விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. ஊரின் குரல் சென்னைக்குப் போய்ச் சேர 44 பிணங்கள் தேவைப்பட்டன.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2020 ஜனவரி 16 அன்று மத்திய அரசு ஒரு அறிவிக்கை வெளியிட்டது. நிலப்பகுதியில் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறு தோண்ட மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்றது அது. பத்தே நாளில் குடியரசு தினம். டெல்டாவின் பல ஊர்களில் கிராம சபை கூடி ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. பிப்ரவரி 9 அன்று முதல்வர் எடப்பாடி பழனிசாமி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்தார். பிப்ரவரி 20 அன்று மசோதா நிறைவேறியது. ஏற்கெனவே நடக்கும் திட்டங்களை அந்தச் சட்டம் தொடாது என்ற விமர்சனம் அன்றே எழுந்தது.

அறிவிப்புக்கும் சட்டத்துக்கும் நடுவில் 11 நாள். அந்த 11 நாளில் அந்தப் பிரிவைப் படித்து விவாதிக்கத் திருத்துறைப்பூண்டியில் நகர்மன்றமே இல்லை! 2016 அக்டோபரில் பழைய மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்றுதான். நடுவில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. கிராமங்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்துவிட்டது, கிராம சபையும் இருந்தது. நகரத்துக்கு இரண்டும் இல்லை. சுற்றியிருக்கும் கிராமங்கள் பேசியபோது நடுவில் இருந்த நகரம் வாய்மூடி இருந்ததற்கு இதுவே காரணம்.

2022 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டு நகரங்களில் முதல்முறையாகப் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. 2023 ஏப்ரலில் 1920ம் ஆண்டுச் சட்டம் விடைபெற்று, 1998ம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் புதிய விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. இயற்றிய சட்டம் நிலையாக அமலுக்கு வர இருபத்தைந்து ஆண்டு ஆகியிருக்கிறது. உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? வீட்டு வரி ரசீதைத் தவிர நகராட்சியோடு நமக்கு என்ன உறவு?

என் கருத்து இதுதான். பகுதி சபையில் தெருவிளக்கும் சாக்கடையும் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். கூடவே, 'சட்டமன்றத்தில் நம் ஊரைத் தொடும் மசோதா ஏதாவது வருகிறதா?' என்று ஒரு கேள்வியையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லலாம். வணிகவியல், சட்டம் படிக்கிற நாம் மசோதாவைப் படித்து இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். எழுத்தறிவே எட்டாத பண்ணையாட்கள் சங்கம் கட்டிச் சட்டத்தைக் கவனித்த மண் இது. பட்டம் வாங்கப்போகிற நமக்கு அது முடியாதா?

உங்கள் ஊரில் இப்படி ஏதாவது நடக்கிறதா? தெரிந்தால் எழுதுங்கள்.