முதல் வருஷத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு

போன ஞாயிற்றுக்கிழமை, இங்கே அகமதாபாத் மணிநகரில் எதிர்வீட்டு அக்கா மொபைலும் கையுமாக வந்து நின்றார். "தம்பி, நீங்களும் இன்ஜினியர்தானே? இவன்கிட்ட கொஞ்சம் பேசுங்க. ராத்திரியானா போன் போட்டு அழறான். திரும்பி வந்துடறேங்கறான்." மகன் இந்த வருஷம்தான் தமிழ்நாட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தான்.

விசாரித்தேன். ராகிங் இல்லை, சாப்பாட்டுப் பிரச்சினையும் இல்லை. முதல் இன்டர்னல் தேர்வில் கணக்கில் ஐம்பதுக்கு ஒன்பது. "கிளாஸ்ல எல்லாருக்கும் புரியுது மாமா, எனக்குத்தான் புரியல" என்றான். பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கிய பையன்.

எனக்குப் பழைய ஞாபகம் வந்தது. நான் தமிழ் மீடியம். வகைக்கெழு தெரியும், டெரிவேடிவ் தெரியாது. இரண்டும் ஒன்றுதான் என்று பிடிபடவே மூன்று வாரம் ஆயிற்று! இன்ஜினியரிங் டிராயிங்கில் அரியர் வேறு. அப்போது நானும் அப்படித்தான் நினைத்தேன்: எல்லாருக்கும் புரிகிறது, நான்தான் மக்கு.

நம்மில் பலர் வீட்டில் இதே கதை ஓடியிருக்கும். அதனால் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

நம் நாட்டில் பொறியியல் படிப்புக்கு வயது அதிகம். பிற்காலத்தில் கிண்டி பொறியியல் கல்லூரியான சர்வே பள்ளி 1794-ல் சென்னையில் தொடங்கியது. ரூர்க்கி கல்லூரி 1847-ல் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1951-ல் கரக்பூரில் முதல் ஐஐடி. ஒரு காலத்தில் கைதிகளை அடைத்து வைத்த ஹிஜ்லி முகாம் கட்டடத்தில், 224 மாணவர்களோடும் 42 ஆசிரியர்களோடும் ஆரம்பித்தார்கள்.

அந்தக் காலத்து அப்பாக்களைக் கேட்டுப் பாருங்கள். பதினோரு வருஷம் பள்ளி, ஒரு வருஷம் பியூசி, அப்புறம் ஐந்து வருஷம் பி.ஈ. மொத்தம் 17 வருஷம். பியூசி என்பதே பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் போட்ட பாலம்தான். தமிழில் படித்து வந்த பலர் ஆங்கிலப் பாடத்தை முதலில் எதிர்கொண்டது அங்கேதான். அதில் தடுக்கி விழுந்தவர்கள் ஏராளம், மறுப்பதற்கில்லை. ஆனால் பாலம் என்று ஒன்று இருந்தது. அதைத் தாண்டி வந்தாலும் உடனே இயந்திரத்தைப் பிரித்துப் போடச் சொல்லமாட்டார்கள். கணக்கு, இயற்பியல், வேதியியல், டிராயிங், பட்டறையில் அரம் பிடித்து இரும்புத் துண்டைச் சதுரமாக்குவது என்று நிதானமாகப் போகும்.

கோத்தாரி கமிஷன் (1964-66) சொன்ன வழியில் நாடு முழுக்க 10+2 முறை வந்தது. தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ் டூ தொடங்கியது. பியூசி போயிற்று. 1980-களில் ஐந்து வருஷ பி.ஈ. நான்கு வருஷமாயிற்று. ஐஐடி-களிலும் அப்படித்தான். 17 வருஷம் 16 ஆனது.

கணக்கு எங்கே இடிக்கிறது பாருங்கள். கல்லூரி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த விஷயங்களில் கணிசமான பங்கு பள்ளியின் தலையில் ஏறியது. எல்லாப் பள்ளியும் ஒரே மாதிரியா? நல்ல ஆசிரியர் கிடைத்த பையன் அந்த வருஷத்தைக் கையில் வாங்கிக்கொண்டு வருகிறான். கிடைக்காதவன் கடனாகச் சுமந்து வருகிறான். முதல் செமஸ்டரில் விழும் அரியர் பெரும்பாலும் அந்தக் கடனுக்கு வட்டிதான் என்பது என் தாழ்மையான கருத்து.

பாலம் போன இடத்தில் பிறகு பலகைகள் போட்டார்கள். ஒரு பலகை முன்பே போடப்பட்டது. ஐஐடி-களில் 1973-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்கு இடஒதுக்கீடு வந்தது. மதிப்பெண் கொஞ்சம் குறைந்து இடம் தவறியவர்களுக்கு ஒரு வருஷ ஆயத்தப் படிப்பும் ஏற்படுத்தினார்கள். அதில் தேறினால் மறுபடி நுழைவுத்தேர்வு எழுதாமலே முதல் வருஷத்தில் சேரலாம். கதவைத் திறப்பதோடு நம் வேலை முடியவில்லை என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

அடுத்தது ராகிங். தமிழ்நாடு 1997-லேயே தடைச்சட்டம் போட்டது. யுஜிசி விதிமுறைகள் 2009-ல் வந்தன. அதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. புது மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஓர் ஆசிரியரைப் போட வேண்டும். அவர் தினமும் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசிக் குறைகளை அறிய வேண்டும். தினமும்! எத்தனை கல்லூரியில் நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும் :-)

மொழிக்கும் ஒரு பலகை உண்டு. அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ்வழியில் தொடங்கியது.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஐஐடி காந்திநகர் இருக்கிறது. அங்கே 2011-ல் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். சேர்ந்ததும் ஐந்து வாரம் வழக்கமான பாடம் கிடையாது. விளையாட்டு, கலை, ஊர் சுற்றிப் பார்ப்பது, சேர்ந்து வேலை செய்வது, பேசுவது. பிறகு 2017-ல் ஏஐசிடிஇ எல்லாப் பொறியியல் கல்லூரிகளுக்கும் மூன்று வார அறிமுகப் பயிற்சியைக் கொண்டுவந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு வருஷம் இருந்த இடத்தில் மூன்று வாரம்.

அந்தப் பையனிடம் இவ்வளவு சரித்திரமும் பேசவில்லை. "உனக்கு மென்டார் சார் யாருடா?" என்று கேட்டேன். "பேர் எழுதிக் கொடுத்தாங்க மாமா, போனதில்ல" என்றான். "நாளைக்கே போ. அந்த ஒன்பது மார்க் பேப்பரையும் கொண்டு போ" என்றேன்.

எனக்கு டிராயிங் புரிய வைத்தவர் ஆசிரியர் இல்லை, பக்கத்து அறை சீனியர். ஒரு சோப்பு டப்பாவை முன்னால் இருந்து, மேலே இருந்து, பக்கவாட்டில் இருந்து பார்க்கச் சொன்னார். அரை மணி நேரம்தான் ஆயிற்று. நான் போய்க் கேட்கத்தான் ஒரு செமஸ்டர் எடுத்துக்கொண்டேன்.

பிள்ளைகளை ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் விட்டுவிட்டு இருக்கிறோம். முதல் செமஸ்டர் முடியும்வரை ராத்திரி போன் வந்தால் "மார்க் எத்தனை?" என்று ஆரம்பிக்க வேண்டாம். "புரியலைன்னு இன்னிக்கு யார்கிட்ட கேட்ட?" என்று கேளுங்கள். புரியாதது அவன் ஒருவனுக்கு மட்டும் இல்லை என்றும் சொல்லுங்கள்.