பலிபீடத்துப் பூவும் பழைய ஜாடியும்



ஆலயத்தில் மலர் வைப்பது தகுமா என்ற கேள்வி நம் சபைகளில் இன்றும் எழுவதுண்டு. பூ என்றாலே பிற வழிபாட்டின் சாயல் என்று அஞ்சுவோர் உண்டு. வீண் செலவு என்போரும் உண்டு. இந்த அச்சம் புதிதன்று. ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த தெர்த்துல்லியன், ஏறத்தாழ கி.பி. 211இல், வெற்றி முடியைத் தலையில் சூட மறுத்த ஒரு போர்வீரனை ஆதரித்து ஒரு நூலே எழுதினார். மலர் கண்ணுக்கும் மூக்குக்கும் உரியது, தலைக்கு உரியதன்று என்பது அவர் வாதம். சிலைகளுக்குச் சூட்டிய மாலைகளின் நடுவே வாழ்ந்த தலைமுறைக்கு அக்கண்டிப்பு வேண்டியிருந்தது.

இரு நூற்றாண்டுகளுக்குள் நிலைமை மாறிற்று. நெப்போத்தியன் என்ற இளங்குரு மறைந்தபோது, 396இல் ஜெரோம் எழுதிய ஆறுதல் கடிதத்தில், அவர் ஆலயங்களைப் பலவகைப் பூக்களாலும் தழைகளாலும் திராட்சைக் கொடிகளாலும் அழகுபடுத்தியதைப் புகழ்ந்திருக்கிறார்.

இதனினும் என் மனத்தைத் தொடுவது அகஸ்டின் 'கடவுளின் நகரம்' நூலின் இறுதிப் பகுதியில் கூறும் நிகழ்ச்சி. காலாமா என்ற ஊரில் மார்சியால் என்ற முதியவர் இருந்தார். விசுவாசத்தை அறவே வெறுத்தவர். அவர் நோயுற்றபோது மகளும் மருமகனும் கண்ணீரோடு கெஞ்சினர், சினந்து விரட்டினார். மருமகன் ஸ்தேவானின் நினைவாலயத்திற்குச் சென்று அழுது ஜெபித்தார். திரும்புகையில் பலிபீடத்திலிருந்து கைக்கு அகப்பட்ட சில பூக்களை எடுத்துவந்து, இரவில் மாமனாரின் தலைமாட்டில் வைத்தார். விடியுமுன் அம்முதியவர் ஆயரை அழைக்கச் சொன்னார். ஆயரோ வெளியூரில், அகஸ்டினுடன் இருந்தார்; குருமார் வந்தனர். அவர் ஞானஸ்நானம் பெற்றார். அதன்பின் சாகும்வரை, தம் ஆவியை ஏற்றுக்கொள்ளும்படி கிறிஸ்துவை வேண்டிக்கொண்டே இருந்தார். அது ஸ்தேவானின் கடைசி வேண்டுதல் என்று அவருக்குத் தெரியாது.

அந்தப் பூ எந்தப் பாத்திரத்தில் இருந்தது என்று அகஸ்டின் சொல்லவில்லை. பூச்சாடியைத் திருவிருந்து மேசைமேல் வைப்பது பிற்கால வழக்கமே. இங்கிலாந்தில் அதற்காக வழக்கே நடந்தது: 1870இல் பிரைட்டன் நகரக் குருவான பர்ச்சஸ்மீது சுமத்தப்பட்ட குற்றங்களுள் அதுவும் ஒன்று. நீதிபதி அதைக் குற்றமற்ற அலங்காரமென விட்டுவிட்டார்.

நம் தருமபுரி மாவட்டத்தில் பூவுக்கோ பாத்திரத்துக்கோ குறைவில்லை. மோதூர் அகழாய்வில் புதிய கற்காலத்து மண்பாண்ட ஓடுகளே கிடைத்திருக்கின்றன. அவ்வளவு பழமை வேண்டா. பாட்டி காலத்து ஊறுகாய் ஜாடி போதும். மெருகேற்றாத மண்சட்டியில் நீர் கசியும். மெருகேற்றிய பீங்கானில் கசியாது. ஊறிய உப்பு போக வெந்நீரில் இருமுறை கழுவவேண்டும். பவுல் மண்பாண்டத்தை உவமையாக்கியது, குயத்தொழிலுக்குப் பெயர்போன கொரிந்துவின் சபைக்கு. விளிம்பு உடைந்த ஜாடியை எறியுமுன் அந்நிருபத்தை நினைக்கலாம்.

பருவத்துக்கேற்ற பூ எது? கிறிஸ்து பிறப்புக் காலத்தில் சாமந்தி, கோடையில் குண்டுமல்லி. செண்டுமல்லியும் சம்பங்கியும் மெக்சிகோவிலிருந்து வந்து நம் மண்ணில் வேரூன்றியவை, கனகாம்பரம் நம்முடையது. ஓர் இடர் உண்டு: இங்கே சாமந்தியைக் கட்டுவதற்காகத் தலையை மட்டும் கிள்ளுவார்கள், ஜாடிக்குக் காம்பு வேண்டும். ஆகவே சந்தையில் தேடாமல், சபையில் பூ பயிரிடும் சகோதரரிடம் முன்னதாகச் சொல்லிவைத்து, முழங்கை நீளக் காம்போடு விலை கொடுத்து வாங்குங்கள். பறிகூலிக்கும் கட்டாமல் பூவைக் கொட்டிவிட்டு வீடு திரும்பும் நாள்கள் அவருக்கு உண்டு.