தில்லிப் பதிவேட்டில் ஆண்களின் வரிசை

தில்லி எய்ம்ஸின் புற்றுநோய் மருத்துவமனையில் 1986-இல் புற்றுநோயாளிகளின் பதிவேடு ஒன்று தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தேசியத் திட்டத்தில் பம்பாய், சென்னை, பெங்களூர் 1982-லேயே கணக்கெடுக்கத் தொடங்கிவிட்டன. தலைநகர் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

புற்றுநோயாளியைப் பற்றி அரசுக்குத் தகவல் தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அப்போது தில்லியில் இல்லை. ஆகவே பதிவேட்டு ஊழியர்களே மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கி, நோயாளிக் கோப்புகளையும் ஆய்வக முடிவுகளையும் மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளையும் புரட்டினார்கள். மூன்று இடங்களில் சீட்டுப் போட்டவரை ஒரே ஆளாகச் சேர்க்க வேண்டும். உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலேறி வந்தவர்களைத் தில்லிவாசிகளிடமிருந்து பிரிக்க வேண்டும். பொறுமை கேட்கும் வேலை.

அன்று புழக்கத்திலிருந்த உலக நோய்ப் பட்டியலின் ஒன்பதாம் பதிப்பில் பெண்ணின் மார்பகப் புற்றுக்கு எண் 174, ஆணுக்கு 175. உலக அளவில் மார்பகப் புற்றுநோயாளிகள் நூறு பேரில் ஏறக்குறைய ஒருவர்தான் ஆண். அதனால் 175-இன் வரிசை எப்போதும் மெலிந்தே கிடக்கும். ஆனாலும் அது இருந்தது. அந்த நோய் ஆணுக்கும் வரும் என்பதற்கு அரசாங்கமே வைத்திருந்த சாட்சி அது.

நோய் புதிதல்ல. சுமார் 3,600 ஆண்டுப் பழமையான எகிப்திய பாப்பிரஸ் ஒன்று, மார்பில் புடைத்து, தொட்டால் குளிர்ந்திருக்கும் கட்டியை விவரித்து, சிகிச்சை இல்லை என்று முடித்துக்கொள்கிறது. நோயாளி ஆண் என்பதே பலரது வாசிப்பு.

இன்று சிகிச்சை உண்டு. தாமதமாக வருவதுதான் ஆளை வீழ்த்துகிறது. ஆணின் மார்பில் சதை குறைவு. கட்டி பெரும்பாலும் காம்புக்கு அடியிலேயே முளைப்பதால் சீக்கிரமே தோலையும் நெஞ்சுத் தசையையும் பிடித்துவிடும். ஹார்மோன் மாற்றத்தால் வரும் சாதாரண வீக்கம் ரப்பர் போல அமுங்கும், தொட்டால் வலிக்கலாம், பல சமயம் இரு பக்கமும் இருக்கும். புற்றோ பெரும்பாலும் ஒரே பக்கம், வலியில்லாமல், கெட்டியாக. காம்பு உள்ளிழுத்தாலோ இரத்தம் கசிந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. மெல்லிய ஊசியால் சில செல்களை உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றிப் பார்த்தால் முதல் விடை கிடைத்துவிடும். பயாப்சி அதை உறுதி செய்யும். வலிக்கவில்லையே என்று இருந்துவிடுகிற ஆண்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அவர்கள் பார்க்கும் விழிப்புணர்வுச் சுவரொட்டிகளில் ஓர் ஆணின் முகம்கூட இருப்பதில்லை.

உலக நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பில் இருபாலருக்கும் சி50 என்ற ஒரே குறியீடு வந்தது. மார்பகப் புற்றோடு தொடர்புடைய பிஆர்சிஏ2 மரபணு 1995-இல் அடையாளம் காணப்பட்டபின், ஆணின் நோய் குடும்பத்தின் விஷயமாகவும் ஆனது: தந்தைக்கு அதில் பழுது இருந்தால், மகனுக்கும் மகளுக்கும் அது போய்ச்சேர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பாவின் கட்டியைப் பரிசோதிக்கும் மருத்துவர், மகளையும் பரிசோதனைக்கு வரச்சொல்ல வேண்டியிருக்கிறது.