கொரியத் திருச்சபையின் தோற்றம்

கொரியாவில் கத்தோலிக்கத் திருச்சபை 1784ஆம் ஆண்டில் தோன்றிற்று. அதைத் தோற்றுவித்தவர் அயல்நாட்டு வேதபோதகர் எவருமல்லர். நூல்களைப் படித்து ஐயுற்று, தம்முள் வாதித்து, இறுதியில் தம்மில் ஒருவரை அண்டை நாட்டுக்கு அனுப்பி ஞானஸ்நானம் பெற்றுவரச் செய்த சில இளம் கன்பூசிய பண்டிதர்களேயாவர். சுவிசேஷத்தைக் கேட்க வழியற்ற நாட்டில் சத்தியத்தை மெய்யாகத் தேடுவோரைக் கடவுள் எங்ஙனம் அடைகிறார் என்னும் பழைய வினாவுக்கு, அப்போஸ்தலர் பணியில் வரும் நூற்றுவர் தலைவன் கொர்நேலியுவின் விருத்தாந்தத்தை வேதசாஸ்திரிகள் எடுத்துக்காட்டுவது வழக்கம். அவன் யோப்பா பட்டினத்துக்கு ஆளனுப்பி இராயப்பரை வரவழைத்தான். அவனுக்கு வழி சொல்ல ஒரு சம்மனசு வந்தது. கொரியருக்கு வந்தவை சில சீனப் புத்தகங்களே.

ஜோசோன் வம்சத்து அரசாங்கம் அந்நியர் நாட்டினுள் புகுவதையும் குடிகள் எல்லை கடப்பதையும் கடுமையாகத் தடுத்திருந்தது. 1593இல் ஜப்பானியப் படையோடு வந்த ஸெஸ்பெடெஸ் என்னும் சேசு சபைக் குரு படைப்பாசறையிலேயே தங்கித் திரும்பியதால், நாட்டாரிடையே அவருடைய வருகையின் சுவடு ஏதும் நிலைக்கவில்லை. திறந்திருந்த வாயில் ஒன்றே: ஆண்டுதோறும் சீனச் சக்கரவர்த்திக்குத் திறை கொண்டு பீகிங் சென்று மீளும் அரசத் தூதுகோஷ்டி. அதில் சென்றவர்கள் பஞ்சாங்கம், வானசாஸ்திரம், கணிதம் பற்றிய புதுநூல்களை விரும்பி வாங்கிவந்தனர். அவற்றோடு மத்தேயு ரிச்சி 1603இல் பீகிங்கில் வெளியிட்ட ‘பரலோக நாதரின் மெய்ப்பொருள்’ என்னும் சம்பாஷணை நூலும் வந்தது. 1614இல் யி சு-குவாங் என்னும் கொரியப் பண்டிதர் தம் தொகைநூலில் அதைக் குறிப்பிட்டிருக்கிறார். சீனருக்கென்று செஞ்சீனத்தில் எழுதப்பட்ட நூல் கொரியப் பண்டிதனுக்கு மொழிபெயர்ப்பாளன் துணையின்றியே விளங்கிற்று என்பது இவ்வரலாற்றின் அச்சாணி. ஆயினும் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுக்காலம் அந்நூல்களை மேலைக் கல்வியின் விநோதங்களாக எண்ணிப் படித்தவர்களும் மறுத்தவர்களும் இருந்தனரேயன்றி, அவற்றைக் கேட்டு நடந்தவர் அரியர்.

மாறுதல் யி இக் என்னும் பேரறிஞரின் மாணாக்கர் மரபில் நேர்ந்தது. 1779ஆம் ஆண்டு குளிர்காலத்தில் குவோன் சோல்-சின் தலைமையில் சிலர் ஒரு மலைக்கோயிலில் கூடிச் சாஸ்திர விசாரம் செய்துகொண்டிருந்தபோது, யி பியோக் என்னும் இளைஞர் இரவில் பனியினூடே நடந்து வந்து சேர்ந்தார் என்றும், மெழுகுவர்த்தி ஏற்றி ஆகமங்களைப் பற்றி உரையாடினர் என்றும் ஜோங் யாக்-யோங் என்னும் பண்டிதர் எழுதியுள்ளார். இந்த ஆரம்பத் தேடலைக் குறித்துத் திருச்சபை வரலாற்றாசிரியர் தாலே கூறும் செய்தி ஒன்று நோக்கத்தக்கது. ஏழு நாளில் ஒரு நாள் இறைவனுக்குரியது என்று அவர்கள் நூலில் படித்தனர். அது எந்நாள் என்று சொல்வார் இல்லை. வார நாட்கள் அக்காலத்தில் அந்நாட்டு வழக்கிலேயே இல்லை. ஆகவே சாந்திரமான மாதத்தின் 7, 14, 21, 28ஆம் நாட்களில் வேலையை விட்டுப் பிரார்த்தனை செய்தனர். கணக்கு பிழையானதுதான். அந்தப் பிழையைக் கடவுள் குற்றமாக எண்ணினார் என்று கருத எனக்கு மனம் வரவில்லை.

1783இல் யி சுங்-ஹுன் என்பவரின் தந்தை தூதுகோஷ்டியின் அதிகாரிகளுள் ஒருவராக நியமிக்கப்பட்டார். மகனும் உடன் செல்வதறிந்த யி பியோக், பீகிங்கிலுள்ள குருக்களைக் கண்டு ஞானஸ்நானம் பெற்று நூல்களோடு மீளுமாறு அவரை வற்புறுத்தினார். பீகிங்கில் வாய்ப்பேச்சுக்கு வழியில்லை. தூரிகையால் காகிதத்தில் கேள்வியை எழுத, மறுபுறமிருந்து விடையும் எழுத்தாகவே வந்தது. 1784இல் கிராமோன் என்னும் பிரெஞ்சுக் குரு அவருக்கு ஞானஸ்நானம் அளித்து இராயப்பர் என்று பெயரிட்டார். ஊர் திரும்பிய யி சுங்-ஹுன், யி பியோக்குக்கு ஸ்நாபக அருளப்பர் என்னும் பெயரையும், குவோன் இல்-சின்னுக்கு, நம் முத்துக்குளித்துறையில் உழைத்த சவேரியாரின் திருநாமத்தையும் சூட்டி ஞானஸ்நானம் அளித்தார். தலைநகரில் கிம் போம்-உ என்னும் துபாஷியின் வீட்டில் அவர்கள் கூடினர். மறு ஆண்டே அதிகாரிகள் அதைக் கண்டுபிடித்தனர். பிரபு குலத்தார் கண்டிக்கப்பட்டு விடப்பட, நடுக்குலத்தவரான கிம் மட்டும் சித்திரவதைப்பட்டு நாடு கடத்தப்பட்டு மாண்டார். யி பியோக், தந்தையின் கடுமையால் வீட்டினுள்ளே அடைபட்டு, இளமையிலேயே இறந்தார்.

குருவில்லாத சபை தானே குருக்களை நியமித்துக்கொண்டு பூசையும் பாவசங்கீர்த்தனமும் நடத்திற்று. புத்தகத்தை மீண்டும் ஊன்றிப் படித்தபோது அது முறையல்லவோ என்ற ஐயம் எழவே, அநுஷ்டானங்களை நிறுத்தித் தூதன் மூலம் பீகிங் மேற்றிராணியாரைக் கேட்டனர். 1790இல் வந்த விடை இரண்டு செய்திகளை உடையது. குருப்பட்டம் அவ்வாறு எய்தத்தக்கதன்று என்பது ஒன்று. அதை மனமுவந்து ஏற்றனர். மூதாதையர் பெயர்ப்பலகைக்குச் செய்யும் பிதிர்க்கிரியைகள் கூடா என்பது மற்றொன்று. சீனச் சடங்குகளை 1742இலும், மதுரை மிஷனைச் சார்ந்த மலபார்ச் சடங்குகளை 1744இலும் தடுத்த பதினான்காம் ஆசீர்வாதப்பர் பாப்பரசரின் தீர்ப்பே பீகிங் வழியாகக் கொரியாவை எட்டியது. பிரபு குலத்தார் பலர் இதனால் விலகினர். 1791இல் யுன் ஜி-சுங் என்னும் விசுவாசி தம் தாயாரின் ஈமச்சடங்கில் பெயர்ப்பலகை வைக்க மறுத்தார். முன்னிருந்த பலகைகளையும் எரித்தார். அவ்வாறே செய்த தம் உறவினர் குவோன் சாங்-யோன்னோடு டிசம்பர் 8ஆம் நாள் ஜோன்ஜு நகரில் சிரச்சேதம் செய்யப்பட்டார். சீனச் சடங்குத் தடையை உரோமை தளர்த்தியதும் ஒரு டிசம்பர் 8ஆம் நாளே, 1939இல். அரசன் இட்ட தடையைவிடத் திருச்சபையே இட்ட இத்தடை தேடுவோருக்குப் பெரியதாயிருந்தது என்பதை மறைப்பதில் பயனில்லை.

1794இன் இறுதியில் யாகப்பர் சோவ் வென்மோ என்னும் சீனக் குரு நாட்டினுள் புகுந்தபோது, குருவையே காணாத சுமார் 4,000 விசுவாசிகள் அவருக்காகக் காத்திருந்தனர். காங் வான்-சுக் என்னும் பெண்மணி ஆண்டுக்கணக்கில் அவரைத் தம் வீட்டில் ஒளித்துவைத்துக் காத்தார். 1801இல் எழுந்த கலாபனையில் குருவும் அவரைக் காத்த அம்மையும், எளியோருக்காகக் கொரிய எழுத்தில் ஞானோபதேச நூல் இயற்றிய ஜோங் யாக்-ஜோங்கும் கொல்லப்பட்டனர். தப்பிய ஹ்வாங் சா-யோங், குயவர் வாழும் மலைக்கிராமத்துக் குகையொன்றில் ஒளிந்து, ஒரு முழத்தினும் சற்றே நீண்ட வெண்பட்டுத் துணியில் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட எழுத்துக்களை எறும்புச் சாரிபோல் நெருக்கி எழுதினார். பீகிங்குக்குப் போய்ச் சேருமுன் அது கைப்பற்றப்பட்டது. மேலைநாட்டுக் கப்பல்களும் படையும் வந்து அரசை வற்புறுத்த வேண்டுமென்ற விண்ணப்பம் அதிலிருந்தமையால், கிறிஸ்தவர் ராஜத்துரோகிகள் என்ற பழி வலுத்தது. துன்பத்தில் எழுதிய அவ்வரிகளைப் பிற்காலத்தவர் பலவாறு மன்னிக்கின்றனர், மன்னிக்காதவரும் உண்டு.

ஜோங் யாக்-ஜோங்கின் மகன் ஜோங் ஹா-சாங், தூதுகோஷ்டியில் பணியாளனாகச் சேர்ந்து ஒன்பது முறை பீகிங் சென்று குருக்களை வேண்டினார். 1825இல் விசுவாசிகள் பாப்பரசருக்கே விண்ணப்பம் எழுதினர். அதன் பயனாக 1831இல் கொரியா தனி அப்போஸ்தலிக்க விகாரியத்தாக்கப்பட்டது. 1836இன் தொடக்கத்தில் மோபான் என்னும் பிரெஞ்சுக் குரு, உறைந்த யாலு நதியைக் கடந்து, எல்லை ஊரான உயிஜுவின் மதிலிலிருந்த நீர்ப்போக்குத் துளையில் ஊர்ந்து உட்புகுந்தார். பின்னர் அவரும் தோழரும் ஊரூராய்ச் சஞ்சரித்தது துக்கம் காப்போர் உடையில்: தோளளவு கவிந்த புல்தொப்பியும், முகத்தை மறைக்கும் சிறு திரையும், முரட்டுச் சணலாடையும். பெற்றோரை இழந்தவனை வழியில் நிறுத்திப் பேச்சுக் கொடுப்பது அக்காலக் கொரியருக்கு அநாசாரமாயிருந்தது. பிதிர்பக்தியின் பெயரால் அடைபட்ட கதவு பிதிர்பக்தியின் வேடத்தாலேயே திறந்தது.

பின்வந்தவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். 1839இல் ஜோங் ஹா-சாங்கும், 1846இல் முதல் கொரியக் குருவாகிய பெலவேந்திரர் கிம் தே-கோனும் வேதசாட்சிகளாயினர். 1866இல் தொடங்கிய பெருங் கலாபனையில் இறந்தோர் சுமார் 8,000 பேர் என்பர். 1984இல் சியோலில் 103 பேர் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டனர். புரோட்டஸ்டண்டு சபையின் தொடக்கமும் இதனையே ஒத்தது: மஞ்சூரியாவில் ஜான் ராஸ் என்னும் ஸ்காட்லாந்து மிஷனரி கொரிய வணிகரின் துணையால் மொழிபெயர்த்த லூக்கா, யோவான் சுவிசேஷங்கள் 1882இல் அச்சாகி எல்லை கடந்து பரவின, 1885இல் அண்டர்வுட் என்னும் மிஷனரி வந்திறங்கிய பின்னர், படித்து விசுவசித்தோர் ஞானஸ்நானம் கேட்டு அவரிடம் வந்தனர்.

இவற்றைத் தேவ கிருபையின் செயல் என்பர் விசுவாசிகள். திறை வாணிகமும் புத்தகப் பரிமாற்றமும் விளைத்த பயன் என்பர் வரலாற்றாசிரியர். தூதுகோஷ்டியின் மூட்டையிலே வந்தது கிருபையாகாது என்று சொல்ல முகாந்தரம் இல்லையாதலால், இவ்விரு கூற்றும் ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றவில்லை. முதலில் ஞானஸ்நானம் பெற்ற யி சுங்-ஹுன் ஒருமுறைக்கு மேல் விசுவாசத்தை மறுதலித்தவர். எனினும் 1801இல் அவருடைய தலையும் கொய்யப்பட்டது. 1984இன் பட்டியலிலும் சரி, 2014இல் முத்திப்பேறு பெற்ற 124 பேரின் பட்டியலிலும் சரி, அவர் பெயரில்லை. யி பியோக்கின் பெயரும் இல்லை. ஜோங் யாக்-ஜோங் பிந்திய பட்டியலில் இருக்கிறார். சொன்ஜினாம் என்னும் இடத்து மலைச்சரிவில் இம்மூவருடைய கல்லறைகளும் சோல்-சின், இல்-சின் என்னும் குவோன் சகோதரர் இருவருடைய கல்லறைகளும் ஓரிடத்தில் அமைந்துள்ளன.