கேமரா பார்த்த பிள்ளைகள்

சாத்தூர், சிவகாசி வட்டாரத்தின் குழந்தைத் தொழிலாளரை ஊரறியச் செய்ததில் கேமராவுக்குப் பெரும் பங்குண்டு. சலம் பென்னூர்கர் 1990-இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம், விடியுமுன் கிராமங்களுக்கு வந்த தீப்பெட்டிக் கம்பெனி பஸ்களையும் குச்சி அடுக்கிய சின்ன விரல்களையும் பற்றியது. 1996 டிசம்பர் 10 அன்று, சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் குறித்த எம். சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட உத்தரவிட்டது. படமே தீர்ப்பைத் தந்தது என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகளை மீட்டதில் 1982-இல் வந்த சத்துணவுத் திட்டத்துக்கும் பள்ளிகளுக்கும் பங்கு பெரிது. ஆனால் மறுக்க முடியாதபடி சாட்சி சொன்னது படம்தான். அமெரிக்காவில் 1908 முதல் புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் ஆலைச் சிறுவர்களைப் படமெடுத்துச் செய்ததும் இதுவே.

சிவகாசி வட்டாரம் பற்றிய படங்கள் ஊருக்குக் கெட்ட பெயர் தேடித்தந்தன, மானாவாரிக் கரிசலில் வேறு பிழைப்பு ஏது என்பது பழைய ஆட்சேபம். அதில் பாதி நியாயம் உண்டு. மழை பொய்த்த நிலமே மக்களைத் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் தள்ளியது. அந்தத் தீர்ப்பும் குழந்தைக்குப் பதில் வீட்டிலுள்ள பெரியவருக்கு வேலை தேடித்தரச் சொன்னது. கேமராவின் குறை வேறு: அது குழந்தையின் முகத்தைப் பார்த்தது, தாயின் கூலிக் கணக்கைப் பார்க்கவில்லை. 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் நாளிதழ்களில் வந்தவை புகையும் இடிபாடும்தான். படமெடுப்பவர்கள் வெடிக்காத நாட்களிலும் வரட்டும்.