டனாட்டர் கோட்டை

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில், ஸ்டோன்ஹேவன் ஊருக்குத் தெற்கே, கடலுக்குள் நீளும் செங்குத்துப் பாறைமேல் நிற்கும் இடிந்த கோட்டை. கீத் குடும்பத்தாரின் இருப்பிடமாக இருந்தது. 1651இல் ஆங்கிலேயத் தலைவர் கிராம்வெல்லின் படை முற்றுகையிட்டபோது நாட்டின் மணிமுடி, செங்கோல், அரச வாள் மூன்றும் உள்ளே இருந்தன. ஏறத்தாழ எட்டு மாதம் தாக்குப்பிடித்த கோட்டை 1652 மே மாதம் பணிந்தது. அரசுச் சின்னங்களோ எதிரி கையில் சிக்கவில்லை. முன்னரே வெளியே கடத்தப்பட்டு, கினெஃப் தேவாலயத்தின் தரைக்கடியில் 1660 வரை புதைந்திருந்தன. இன்று அவற்றை எடின்பரோ கோட்டையில் காணலாம்.

இந்தப் பெருமைக்கு நிகராக நினைவில் நிற்க வேண்டிய துயரமும் உண்டு. 1685இல், மன்னரின் சமய அதிகாரத்தை ஏற்க மறுத்த 122 ஆண்களும் 45 பெண்களும் இங்குள்ள நிலவறையில் அடைக்கப்பட்டனர். சிலர் சிறையிலேயே இறந்தனர். கடலழகைக் காண வருவோர் அந்த அறைக்குள்ளும் சற்று நின்று வர வேண்டும்.