கோப்ரா காரும் செத்துப்போன பேட்டரியும்: லெ மான் 1964

'ஃபோர்ட் வெர்சஸ் ஃபெராரி'ன்னு 2019-ல ஒரு படம் வந்துச்சு. நம்ம மக்கள் நிறைய பேர் பார்த்திருப்பீங்க. கரோல் ஷெல்பியும் கென் மைல்ஸும் சேர்ந்து 1966 லெ மான் ஓட்டத்தில் ஃபோர்ட் காரை ஜெயிக்க வைக்கப் பாடுபட்ட கதை. நல்ல படம்தான். ஆனா அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1964 ஜூன்ல, அதே லெ மான்ல அதே ஷெல்பி குழுவுக்கு நடந்த கதை எனக்கு அதைவிடப் பிடிக்கும். அது படத்துல கிடையாது. காரணமும் புரியுது. இந்தக் கதையில வில்லன் ஃபெராரி இல்லீங்க. ஒரு காருக்கு வில்லன் சூடு, இன்னொரு காருக்கு வில்லன் பேட்டரி. இதை வெச்சு எவன் படம் எடுப்பான்? :-)

படம் எடுக்கலைன்னா என்ன, நாம பதிவு போடுவோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

இங்கிலாந்து உடம்பு, அமெரிக்க இதயம்

ஷெல்பி டெக்சாஸ்காரர். 1959-ல ராய் சால்வடோரியோட ஆஸ்டன் மார்ட்டின் ஓட்டி லெ மான் ஜெயிச்சவர். அடுத்த வருஷமே இதயக் கோளாறால் பந்தயம் ஓட்டுவதை விட வேண்டியதாப் போச்சு. ஓட்ட முடியாட்டி என்ன, செய்யலாமேன்னு இறங்கினார். கையில காசு கிடையாது. ஆனா ஒரு யோசனை இருந்தது.

இங்கிலாந்தில் ஏ.சி.ன்னு ஒரு சின்ன கார் கம்பெனி. (குளிர்சாதனம் இல்லைங்க, கம்பெனி பேரே அதுதான். சூடு பற்றிய பதிவுல இப்படி ஒரு பேர் அமைஞ்சது நம்ம அதிர்ஷ்டம்.) அவங்களோட ஏஸ் கார் எடை கம்மி, அலுமினிய உடம்பு. அதுக்கு பிரிஸ்டல் கம்பெனியின் 2 லிட்டர் எஞ்சின் போட்டுக்கிட்டிருந்தாங்க. பிரிஸ்டல் அந்த எஞ்சினை நிறுத்தப் போகுதுன்னதும் ஷெல்பி 1961-ல ஏ.சி.க்கு கடிதம் எழுதினார்: உங்க காருக்குள்ள அமெரிக்க வி8 எஞ்சின் ஒண்ணை வெச்சுத் தரட்டுமா? எஞ்சின் கிடைச்சா சரின்னாங்க. அந்தப் பக்கம் ஃபோர்டிடம் போய், கார் இருக்கு, எஞ்சின் கொடுங்கன்னு கேட்டார். கொடுத்தாங்க. ரெண்டு பக்கமும் இல்லாததை இருக்கிற மாதிரி பேசி ஒரு கம்பெனியே ஆரம்பிச்ச மனுஷன்.

1962 பிப்ரவரியில் எஞ்சின் இல்லாத முதல் கார் லாஸ் ஏஞ்சலஸ் வந்து இறங்கியது. எட்டு மணி நேரத்துக்குள்ள ஃபோர்டின் 260 கன அங்குல வி8 எஞ்சினை உள்ளே இறக்கி ஓட்டியே பார்த்துட்டாங்க. அதுதான் முதல் கோப்ரா. பத்திரிகைக்காரங்களுக்கு ஓட்டக் கொடுக்கிறப்ப ஒவ்வொரு தடவையும் வேற கலர் பெயிண்ட் அடிச்சுக் கொடுத்தாராம் ஷெல்பி. நிறைய கார் இருக்குன்னு நினைச்சுக்கட்டுமேன்னு. இருந்தது ஒண்ணே ஒண்ணுதான்!

எட்டு மணி நேரத்துல முடியாத வேலை

எஞ்சினை மாத்துறது எட்டு மணி நேர வேலை. அதோட தொந்தரவுகளைத் தீர்க்கிறது வருஷக்கணக்கு வேலை. எஞ்சின் மாற்றிய எந்த வண்டிக்கும் இதுதான் தலைவிதி.

கணக்கு ரொம்ப சிம்பிள். பெட்ரோல் எரிஞ்சு வர்ற சக்தியில ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுத்தும். ஒரு பங்கு சைலன்ஸர் வழியா போயிடும். இன்னொரு பங்கு, கொஞ்சம் முன்னப்பின்ன, எஞ்சினைச் சுத்தி ஓடுற தண்ணி வழியா ரேடியேட்டருக்கு வரும். அதாவது எஞ்சின் எவ்வளவு வேலை செய்யுதோ, கிட்டத்தட்ட அதே அளவு சூட்டை ரேடியேட்டர் வெளியே தள்ளணும். ஏஸ் காரோட பழைய எஞ்சினுக்கு 120 குதிரைத்திறன் சொச்சம். பந்தயத்துக்குத் தயாரான கோப்ராவின் 289 கன அங்குல எஞ்சினுக்கு 380 பக்கம். அதை மாத்தினா 280 கிலோவாட். நம்ம வீட்டுல தண்ணி காய வைக்கிற ஒரு கிலோவாட் ஹீட்டர் இருநூறு, முந்நூறை ஒரே நேரத்துல அந்தச் சின்ன மூக்குக்குள்ள போட்டுவிட்ட மாதிரி.

சரி, பெரிய ரேடியேட்டரா போட்டா தீர்ந்துடுமா? பாதி தீரும். மீதிப் பாதியைத்தான் எல்லாரும் மறந்துடுறாங்க. காத்து உள்ளே வந்தா மட்டும் போதாது, வெளியேயும் போகணும். எஞ்சின் அறைக்குள்ள சூடான காத்து அடைஞ்சு நின்னா, முன்னாடி எவ்வளவு பெரிய ஓட்டை இருந்தாலும் புதுக்காத்து உள்ளே வராது. ஜன்னலைத் திறந்து வெச்சாலும் எதிர்ப்பக்கக் கதவு சாத்தியிருந்தா வீட்டுக்குள்ள காத்து வராது பாருங்க, அதே கதைதான். கோப்ராவின் முன்சக்கரத்துக்குப் பின்னாடி பக்கவாட்டுல செவுள் மாதிரி ஒரு திறப்பு இருக்கும். அழகுக்குன்னு நினைச்சுடாதீங்க. சூட்டை வெளியே விடத்தான். பந்தயக் கார்களுக்கு இது போதாம, மூக்குக்குக் கீழே தனியா ஒரு வாய் திறந்து ஆயில் கூலரையும் வெச்சாங்க.

டேடோனா கூப்பே

ஐரோப்பாவுக்குப் போனதும் அடுத்த பிரச்சினை. லெ மான் தடத்துல அப்ப ஏறக்குறைய 6 கிலோமீட்டர் நேர்ச்சாலை இருந்தது. கூரையில்லாத கோப்ரா மணிக்கு 160 மைலைத் தொடவே திணறும், காத்தைக் கிழிக்க முடியாம. ஃபெராரி 250 ஜி.டி.ஓ. எஞ்சின் வெறும் 3 லிட்டர்தான். ஆனா உடம்பு வழுவழுப்பு, சும்மா பறந்துடும்.

பீட் பிராக்குங்கற இளைஞர் அதே கோப்ரா சட்டத்தின் மேல ஒரு மூடிய உடம்பை வரைஞ்சார். வால் பக்கத்தை வெட்டிவிட்ட மாதிரி ஒரு வடிவம். பார்த்தவங்க பலரும் இது வேலைக்காகாதுன்னாங்க. கென் மைல்ஸ் மட்டும் நம்பினார். 1964 பிப்ரவரி தொடக்கத்தில் ரிவர்சைடு தடத்தில் மைல்ஸ் ஓட்டிப் பார்த்தப்ப வேகம் 180 மைலைத் தாண்டுச்சு. எஞ்சின் அதே எஞ்சின்தான். இந்த உடம்புல நம்ம விஷயத்துக்கு முக்கியமானது ஒண்ணு உண்டு. ரேடியேட்டரை முன்பக்கமா சாய்ச்சு வெச்சு, சூடான காத்து பானட் மேல இருக்கிற பெரிய திறப்பு வழியா வெளியேறும்படி பாதை போட்டிருந்தார். உள்ளே வர வழி ஒண்ணு, வெளியே போக வழி ஒண்ணு.

ஆனா சூடு ஒரு இடத்துல அடைச்சா இன்னொரு இடத்துல எட்டிப் பார்க்கும். அதே மாசம் டேடோனாவுல 2,000 கிலோமீட்டர் ஓட்டம். புதுக் கார் முன்னணியில ஓடிக்கிட்டிருந்தப்ப பின்னாடி டிஃபரன்ஷியல் தாறுமாறா சூடாயிடுச்சு. பெட்ரோல் போட நிறுத்தின நேரத்துல தீப்பிடிச்சு, மெக்கானிக் ஒருத்தருக்குத் தீக்காயம். ஓட்டம் அத்தோட முடிஞ்சது. காருக்கு டேடோனா கூப்பேன்னு பேர் மட்டும் மிஞ்சுச்சு. மொத்தம் ஆறு கார்தான் செஞ்சாங்க. மார்ச்ல செப்ரிங் 12 மணி நேர ஓட்டத்தில் ஜி.டி. பிரிவை ஜெயிச்சாங்க. அடுத்தது லெ மான்.

டைனமோ, ஆல்டர்னேட்டர், ஒரு பெல்ட்

ஓட்டத்துக்குப் போறதுக்கு முன்னாடி சார்ஜிங் பற்றி ஒரு வார்த்தை.

டைனமோ நமக்குத் தெரிஞ்ச சாமான். சைக்கிளை மெதுவா மிதிச்சா லைட் மங்கும், வேகமா மிதிச்சா பளிச்சுன்னு எரியும். பழைய கார்களோட டைனமோவும் அந்த ஜாதிதான், மெதுவா சுத்தினா சார்ஜ் ஏறாது. சிலிக்கான் டயோடு மலிவா கிடைக்க ஆரம்பிச்சதும் ஆல்டர்னேட்டர் வந்தது. அமெரிக்காவுல கிறைஸ்லர் 1960 வேலியன்ட் காரில் போட்டு எல்லாருக்கும் பழக்கினாங்க. மெதுவா சுத்தினாலும் சார்ஜ் தரும். ஆனா டயோடுக்கு சூடு ஆகாது. பந்தய எஞ்சின் நிமிஷத்துக்கு ஆறாயிரம், ஏழாயிரம் சுத்து சுத்தும்போது ஆல்டர்னேட்டர் அதைவிட வேகமா சுத்தும். அதிர்வு வேற. அதனாலதான் எஞ்சினை முறுக்கேத்துறவங்க அதுக்குப் பெரிய புல்லி போட்டு வேகத்தைக் குறைப்பாங்க.

இன்னொண்ணு. தண்ணி பம்பையும் சார்ஜிங்கையும் ஓட்டுறது எஞ்சின் முன்னாடி இருக்கிற அதே பெல்ட். அது அறுந்தா ரெண்டும் போச்சு. ஆனா போற விதம்தான் வேற. சூடு சொல்லிட்டு வரும்: முள் ஏறும், வாசனை வரும், ஆவி வரும். சார்ஜ் சொல்லாம போகும். ஆம்மீட்டர் முள்ளைக் கவனிக்கலைன்னா, பேட்டரியில இருக்கிற வரைக்கும் எஞ்சின் ஒண்ணும் தெரியாத மாதிரி ஓடும். சும்மா ஒரு கணக்கு: ராத்திரி விளக்கெல்லாம் சேர்த்து 240 வாட்னா, 12 வோல்ட்டில் 20 ஆம்பியர். 50 ஆம்பியர்-மணி பேட்டரி ரெண்டரை மணி நேரத்துல காலி.

ஜூன் 20, 1964

மாலை 4 மணிக்கு ஓட்டம் ஆரம்பம். ஷெல்பி குழுவுக்கு ரெண்டு டேடோனா கூப்பே. 5-ஆம் நம்பர் காரில் டான் கர்னியும் பாப் பாண்டுரண்டும். 6-ஆம் நம்பர், அதாவது டேடோனாவுல தீப்பிடிச்ச அந்த முதல் கார், சி.எஸ்.எக்ஸ். 2287. அதுல நியூசிலாந்தின் கிறிஸ் ஆமனும் ஜெர்மனியின் யோகன் நீர்பாஷும். ஆமனுக்கு அப்ப இருபது வயசுதான். அதே ஓட்டத்துல ஃபோர்டின் புத்தம்புது ஜி.டி.40 கார்கள் மூணும் ஓடின. மூணும் ஓட்டத்தை முடிக்கலை.

கோப்ராக்கள் ரெண்டும் ஜி.டி. பிரிவுல முன்னாடி போய்க்கிட்டிருந்தன. இருட்டினதும் எல்லா விளக்கும் போட்டாகணும். ராத்திரி 6-ஆம் நம்பர் காரில் சார்ஜிங் செத்துப்போச்சு. பிட்டுக்கு வந்து நின்னா திரும்ப ஸ்டார்ட் ஆகலை. எஞ்சின் நல்லா இருக்கு, ரேடியேட்டர் நல்லா இருக்கு, டயர் இருக்கு, ஓட்டுநர் இருக்கார். செல்ஃப் சுத்த மட்டும் கரண்ட் இல்லை. வெளியிலிருந்து ஒரு பேட்டரியைக் கொண்டுவந்து தொட்டு ஸ்டார்ட் பண்ணிட்டாங்க. நம்ம ஊருல தினமும் நடக்கிற விஷயம். லெ மான்ல அது குற்றம். கார் தன்கிட்ட இருக்கிற பேட்டரியில் தானே ஸ்டார்ட் ஆகணும்னு சட்டம். 6-ஆம் நம்பர் காரைத் தகுதிநீக்கம் செஞ்சுட்டாங்க.

மிச்சம் ஒரே ஒரு கார். அதுக்கும் வந்தது சோதனை. 5-ஆம் நம்பர் காரின் ஆயில் கூலர் பழுது, எண்ணெய் வெளியே போகுது. மாத்துறதுக்கு நேரமில்லை. லெ மான் சட்டப்படி நினைச்சப்ப எல்லாம் எண்ணெய் ஊத்தவும் முடியாது, குறிப்பிட்ட சுற்றுகள் ஓடினாத்தான் ஊத்தலாம். மெக்கானிக்குகள் கூலரையே விலக்கிட்டு, எண்ணெய் நேரா எஞ்சினுக்கே திரும்பற மாதிரி குழாயை இணைச்சுட்டாங்க.

இதோட அர்த்தம் என்னன்னா, எண்ணெய் கொதிக்கும். கொதிச்சா நீர்த்துப் போகும். நீர்த்தா அழுத்தம் இறங்கும், பேரிங்குகள் உரச ஆரம்பிக்கும். இதுக்கு ஒரே மருந்து வலது காலுக்குள்ளதான் இருக்கு. எஞ்சினை முறுக்காம, முள்ளைப் பார்த்துக்கிட்டே, பின்னாடி வர்ற ஃபெராரியையும் கவனிச்சுக்கிட்டே மணிக்கணக்கா ஓட்டணும். கர்னியும் பாண்டுரண்டும் அதைத்தான் செஞ்சாங்க. 334 சுற்று, ஏறக்குறைய 4,500 கிலோமீட்டர். முதல் மூணு இடமும் ஃபெராரி. நாலாவதா கோப்ரா. அதுக்குப் பின்னாடி வந்த ஃபெராரி ஜி.டி.ஓ.வைவிட ஒரே ஒரு சுற்று முன்னால. ஜி.டி. பிரிவு கோப்ராவுக்கு!

ரெண்டு காரும் ஒரே எஞ்சின், ஒரே குழு. சூடான காருக்கு மனுஷன் ஏதாவது செய்ய முடிஞ்சது. வேகத்தைக் குறைக்கலாம், குழாயை மாத்தலாம், பொறுமையா ஓட்டலாம். சார்ஜ் போன காருக்கு யார் காலும் உதவலை.

பிறகு

அந்த வருஷப் பட்டம் ஃபெராரிக்கே போச்சு. அடுத்த வருஷம், 1965 ஜூலை 4-ஆம் தேதி ரேம்ஸ் ஓட்டத்தில் கோப்ரா ஜி.டி. பட்டத்தைப் பிடிச்சது. ஆமன் 1966-ல புரூஸ் மெக்லாரனோட சேர்ந்து லெ மான் ஜெயிச்சார். கர்னி 1967-ல ஜெயிச்சார். நீர்பாஷ் 1972-ல பி.எம்.டபிள்யூ.வின் பந்தயப் பிரிவுக்குத் தலைவரானார்.

அந்த 2287? பல வருஷம் யார் கண்ணுலயும் படாம கிடந்து, கடைசியில பிலடெல்பியாவின் சிமியோன் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. 2014-ல அமெரிக்கா தன் வரலாற்று வாகனங்களுக்குன்னு ஒரு தேசியப் பதிவேடு ஆரம்பிச்சப்ப, அதுல முதல்ல எழுதின கார் இதுதான். பேட்டரி இல்லாம வெளியே அனுப்பப்பட்ட அதே கார்.

டிஸ்கி: யாராவது எஞ்சின் மாத்தின வண்டியைக் காட்டி எத்தனை குதிரைத்திறன்னு பெருமை அடிச்சா, நான் ரெண்டு கேள்விதான் கேட்பேன். சூடான காத்து எந்த வழியா வெளியே போகுது? ராத்திரி எல்லா விளக்கும் போட்டுட்டு நின்னா ஆம்மீட்டர் முள் எந்தப் பக்கம் சாயுது? பதில் வரலைன்னா அந்த வண்டியில ஏறாதீங்க மக்கா. தள்ளுறதுக்கு ஆள் வேணும்னுதான் கூப்பிடுறான் :-)